பணயக்கைதி முற்றுகையில் போலீஸ் மேலதிகாரி என்ன செய்கிறார்?

கேள்வி இது: துப்பாக்கியோடு ஒருவன் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டால், வெளியே நிற்கும் போலீஸ் அதிகாரிகள் அந்த மணி நேரங்களில் என்ன செய்கிறார்கள்? யார் பேசுவது, யார் சுடுவது, "உள்ளே போங்கள்" என்று யார் சொல்வது?

சுருக்கமான பதில்: பேசுபவர்கள் ஒரு குழு. உள்ளே புகத் தயாராக நிற்பவர்கள் இன்னொரு குழு. முடிவெடுப்பவர் இரண்டிலும் சேராத ஓர் ஆள். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருக்க வேண்டும். அதே சமயம் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போய்விடவும் கூடாது. மேலதிகாரியின் வேலை இதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மோசமாக முடிந்த முற்றுகைகளின் விசாரணை அறிக்கைகளைப் புரட்டினால், குறி தவறிய தோட்டாவைவிட, போய்ச் சேராத தகவலும் எடுக்காமல் விட்ட முடிவும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. அதனால் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகாமல், நடந்த சில சம்பவங்களை வைத்தே விளக்குகிறேன். 2010இல் பிலிப்பைன்ஸின் மணிலா, 2014இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். உள்ளே துப்பாக்கியோடு ஒருவன் இருக்கிறான் என்பதாலேயே அது பணயக்கைதிச் சம்பவம் ஆகிவிடாது. அவன் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறானா, கொன்றுகொண்டிருக்கிறானா என்பதுதான் முதல் கேள்வி. பிடித்து வைத்திருந்தால் நேரம் போலீஸுக்குச் சாதகம், நிதானமாகப் போகலாம். கொன்றுகொண்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிர்; முதலில் வந்து சேரும் இரண்டு மூன்று பேரே உள்ளே போயாக வேண்டும். இதைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உவால்டே நகரம் 2022 மே 24 அன்று பார்த்தது. ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். பல படைகளிலிருந்தும் 376 பேர் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக்குள்ளிருந்து குழந்தைகள் அவசர உதவி எண்ணான 911க்கு அழைத்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் நின்ற அதிகாரிகள் அதை "உள்ளே பூட்டிக்கொண்ட ஆள்" என்ற கணக்கில் வைத்துக் காத்திருந்தார்கள். 77 நிமிடங்கள். பள்ளி மாவட்டக் காவல் தலைவர் தன் வயர்லெஸ் கருவியைக்கூடக் கையில் எடுத்து வரவில்லை. களத்தில் யார் தலைமை என்பதே யாருக்கும் தெரியவில்லை. குழந்தைகளின் அழைப்பு வராந்தாவில் முடிவெடுக்க வேண்டியவரின் காதுக்கு வந்திருந்தால் அந்தக் கணிப்பு ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறான், உடனடியாகச் சுடவில்லை என்று உறுதியாகிவிட்டது. முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் ஒரு இன்ஸ்பெக்டரின் கையில்தான் இருக்கும். பெரிய அதிகாரிகளும் சிறப்புக் குழுக்களும் வந்து சேர நேரமாகும். அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் தன் ஆட்களை அடக்குவது. ஆர்வத்தில் கதவருகே போய் நிற்பவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர், மைக்கில் மிரட்டுபவர் எல்லோரையும் பின்னுக்கு இழுத்து, உள்ளே இருப்பவன் வெளியே நகர முடியாதபடி ஒரு உள்வளையம் போட வேண்டும். அதற்கு வெளியே, கூட்டமும் வண்டிகளும் வராதபடி ஒரு வெளிவளையம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வீடு, கடை, அலுவலகங்களிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்து போக ஒரு வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

அப்புறம் கட்டளை நிலையம். அது உள்ளே இருப்பவன் கண்ணில் படாத, துப்பாக்கி எட்டாத, ஆனால் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அதில் தனி அறை வேண்டும். சத்தமும் வயர்லெஸ் இரைச்சலும் மேலதிகாரிகளின் வாக்குவாதமும் போன் வழியாக உள்ளே கேட்டுவிடக் கூடாது. முதல் நிமிடத்திலிருந்தே நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்க ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். யார் என்ன சொன்னார், எப்போது சொன்னார், யார் அனுமதித்தார் என்ற அந்தப் பதிவுதான் பின்னால் வருகிற கமாண்டருக்கு, அதாவது முடிவெடுக்கும் மேலதிகாரிக்கு, ஆதாரம். தப்பி வந்தவர்களும் விடுவிக்கப்பட்டவர்களும் கிடைத்தால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அறை எப்படி இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், அவன் எங்கே உட்காருகிறான், பையில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.

பேச்சுவார்த்தை என்ற முறையே போலீஸுக்குப் புதிது. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த பணயக்கைதிச் சம்பவத்தில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் இறந்தபிறகுதான் பல நாடுகள் இதைத் தீவிரமாக யோசித்தன. நியூயார்க் காவல்துறையில் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்ற துப்பறியும் அதிகாரி ஹார்வி ஷ்லாஸ்பெர்க், ஃபிராங்க் போல்ஸ் என்ற அதிகாரியோடு சேர்ந்து இதற்கான முறைகளை வகுத்தார். 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் நான்கு பேர் கொள்ளையடிக்கப் புகுந்து மாட்டிக்கொண்டார்கள். தொடக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சக ஊழியர் செத்துக் கிடக்கும்போது மற்றவர்களின் ரத்தம் எப்படிக் கொதித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மேலதிகாரிகள் பாயவில்லை. சுற்றி வளைத்து, பேசி, காத்திருந்தார்கள். 47 மணி நேரம். பணயக்கைதிகள் மாடி வழியாகத் தப்பினார்கள், பிறகு அந்த நால்வரும் சரணடைந்தார்கள். அந்த ஆண்டே நியூயார்க்கில் தனிப் பேச்சுவார்த்தைக் குழு அமைந்தது.

அதற்குச் சட்டத் தரப்பிலும் ஒரு காரணம் சேர்ந்தது. 1971 அக்டோபரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் விமான நிலையத்தில், கடத்தப்பட்ட ஒரு சிறு விமானம் எரிபொருளுக்காக இறங்கியது. கடத்தியவனோடு இருந்த கூட்டாளியும் துணை விமானியும் இறங்கி வெளியே வந்துவிட்டார்கள், நிலைமை தணிந்துகொண்டிருந்தது. களத்தில் இருந்த எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) அதிகாரி பொறுக்காமல் டயரையும் எஞ்சினையும் சுட உத்தரவிட்டார். உள்ளே இருந்தவன் தன் மனைவியையும் விமானியையும் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டான். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.பி.ஐ. அலட்சியமாக நடந்தது என்று தீர்ப்பளித்தது. பேச்சு நகர்ந்துகொண்டிருக்கும்போது படையை ஏவினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அன்றிலிருந்து எல்லா மேலதிகாரிகளுக்கும் தெரிந்த பாடம்.

பேச்சுவார்த்தைக் குழு என்றால் போனில் பேசும் ஒருவர் மட்டுமல்ல. பேசுபவர் ஒருவர்; அவர் பக்கத்தில் ஹெட்போனில் எல்லாவற்றையும் கேட்டு, "இதை இப்போது கேட்காதே", "அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னான், அதைப் பிடி" என்று துண்டுச் சீட்டு நீட்டுபவர் ஒருவர்; தகவல் திரட்டுபவர் ஒருவர்; குழுத் தலைவர் ஒருவர். குழுத் தலைவர்தான் அறையைவிட்டு எழுந்துபோய்க் கமாண்டரிடம் பேசுவார். போனில் இருப்பவர் போனைவிட்டு நகரக் கூடாது.

கமாண்டர் ஏன் பேசக் கூடாது? பலருக்கு இது விளங்குவதில்லை. பெரிய அதிகாரியே பேசினால் மரியாதையாக இருக்குமே, சீக்கிரம் முடியுமே என்று நினைக்கிறார்கள். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் போனில் இருந்தால், "இப்போதே சொல், முடியுமா முடியாதா" என்று அவன் நெருக்கும்போது தப்பிக்க வழி இல்லை. அதிகாரம் இல்லாதவர் பேசினால், "நான் மேலே கேட்டுச் சொல்கிறேன், உனக்காகத்தான் போராடுகிறேன்" என்று சொல்லலாம். அந்தச் சொல்லில் கிடைக்கும் பத்து நிமிடமும், "இவர் நம் பக்கம்" என்ற எண்ணமும் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இன்னொரு பக்கம், மணிக்கணக்காக ஒருவனோடு பேசுகிறவருக்கு அவன்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிடும். வர வேண்டும், வந்தால்தான் பேச்சு நகரும். அந்த ஒட்டுதலோடு இருப்பவர் கையில் சுடும் உத்தரவு இருக்கக் கூடாது. அதேபோல, கதவை உடைக்கத் தயாராக நிற்கும் குழுவின் தலைவருக்கும் ஒரு அவசரம் இருக்கும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவே நிற்பவர்தான் கமாண்டர்.

எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்பதும் கமாண்டரின் முடிவு. சாப்பாடு, தண்ணீர், மருந்து, சிகரெட் கொடுக்கலாம். ஆனால் சும்மா கொடுக்காமல், பதிலுக்கு ஒரு ஆளையாவது கேட்க வேண்டும். ஆயுதம் கொடுப்பதில்லை, ஒரு பணயக்கைதிக்குப் பதிலாக இன்னொருவரை உள்ளே அனுப்புவதில்லை. அவன் சொல்கிற கெடுவைப் போலீஸாகத் திரும்ப நினைவூட்டுவதில்லை; கெடு நேரத்தில் அவனைப் பேச்சிலேயே வைத்திருந்து கடக்கப் பார்ப்பார்கள். கேட்டதை மறுப்பதாக இருந்தாலும், மறுக்கிறோம் என்பது அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். பதிலே வராமல் விடுவதுதான் மிக ஆபத்து. சிட்னி சம்பவத்தில் இது எப்படி ஆனது என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது மணிலா. 2010 ஆகஸ்ட் 23. பணிநீக்கம் செய்யப்பட்ட ரோலாண்டோ மெண்டோசா என்ற போலீஸ் அதிகாரி எம்16 துப்பாக்கியோடு ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பேருந்தில் ஏறிக்கொண்டார். ரிசால் பூங்காவின் கிரினோ அரங்கத்தின் முன் பேருந்து நின்றது. 25 பேர் உள்ளே. தன் வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்பதுதான் அவர் கோரிக்கை. பகல் முழுக்க நிலைமை கையை மீறவில்லை; முதியவர்கள், குழந்தைகள் என்று பலரை அவராகவே இறக்கி விட்டார். இப்படிப்பட்ட ஆளோடு பேசி முடிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. மாலையில் எல்லாம் கெட்டது.

முதல் சிக்கல், அவருடைய வழக்கை ஆராய்வதாகச் சொல்லி வந்த கடிதம். வேலை திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு, "மறுபடி பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லும் தாள் வந்தது. அவர் கொதித்துப்போனார். ஒரு கோரிக்கைக்கு அதிகாரபூர்வமான பதில் கொண்டுபோகும் முன், அது அவன் காதில் எப்படி விழும் என்று பேச்சுவார்த்தைக் குழு படித்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, போலீஸ்காரரான அவர் தம்பி வளையத்தைத் தாண்டிப் பேருந்தருகே வந்து, பேச்சுவார்த்தை அதிகாரியை நம்பாதே என்று அண்ணனை மேலும் தூண்டிவிட்டார். உறவினரை முன்னால் கொண்டுவருவது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆனால் அந்த உறவில் என்ன பகை, என்ன அவமானம் புதைந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் உறவினர் என்ன பேசுவார் என்று உறுதியாகத் தெரியாமல் அருகே விடுவதே இல்லை. மூன்றாவது, அந்தத் தம்பியைக் கைது செய்து இழுத்துப்போன காட்சி தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. பேருந்துக்குள் டிவி இருந்தது. தம்பி கத்திக்கொண்டே இழுபடுவதை மெண்டோசா அதில் பார்த்தார். விடாவிட்டால் ஆட்களைக் கொல்வேன் என்றார். ஒரு வானொலி நிலையம் அவரை நேரலையில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்ததால், பேச்சுவார்த்தை அதிகாரியால் அவரோடு போனில் பேச முடியவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது கமாண்டர் எங்கே? நெருக்கடிக் குழுத் தலைவரான மேயரும் களக் கமாண்டரான மணிலா போலீஸ் தலைவரும் கட்டளை நிலையத்தை விட்டு அருகிலிருந்த ஓர் உணவகத்துக்குப் போயிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்ட நேரத்தில் உத்தரவு கொடுக்க வேண்டிய இருவரும் களத்தில் இல்லை. பேருந்து ஓட்டுநர் தப்பி வந்து, உள்ளே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று கத்தினார். உண்மையில் பலர் உயிரோடு இருந்தார்கள். சிறப்புப் பயிற்சி பெற்ற தேசியப் படை தயாராக இருந்தும், மணிலா போலீஸின் சொந்தக் குழுதான் அனுப்பப்பட்டது. அவர்கள் சம்மட்டியால் கண்ணாடியை அடித்தார்கள். கதவில் கயிறு கட்டி வண்டியால் இழுத்தார்கள்; கயிறு அறுந்தது. ஒரு பேருந்துக் கதவை எப்படித் திறப்பது என்று பகல் முழுக்க யாரும் அதே மாதிரி இன்னொரு பேருந்தை வைத்துப் பழகிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் இது இழுத்தது. கடைசியில் மெண்டோசா சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு பயணிகள் இறந்திருந்தார்கள்.

இந்த ஒரு சம்பவத்திலிருந்தே ஒரு மேலதிகாரி கவனிக்க வேண்டியவற்றை எடுத்துவிடலாம். உள்ளே டிவி, போன், இணையம் என்ன இருக்கிறது, எதைத் துண்டிப்பது, எதை விட்டுவைப்பது? போன் வழி ஒன்றுதான் இருக்க வேண்டும், அது பேச்சுவார்த்தை அறைக்கு மட்டும் வர வேண்டும். செய்தியாளர்களுக்குத் தனி இடமும் தனி அதிகாரியும் வேண்டும். இந்த இடத்தில் நம் நாட்டையும் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் மும்பை தாக்குதலின்போது கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதுவரை நேரலையில் ஓடியது. தாக்கியவர்களை எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியவர்கள் அதைப் பார்த்துப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் திருத்தம் வந்தது: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் ஒளிபரப்பலாம். நல்ல விதி. ஆனால் இப்போது ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருப்பதால், வெளிவளையத்தை எவ்வளவு தூரத்தில் போடுவது என்பதை இனி தோட்டா எட்டும் தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

சிட்னி சம்பவம் வேறு மாதிரி. அங்கே மணிலாவில் நடந்தது போன்ற குழப்பம் இல்லை. பயிற்சி பெற்ற, வசதியுள்ள, ஒழுங்கான படை. அப்படியும் தவறியது என்பதால்தான் அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். 2014 டிசம்பர் 15 காலை பத்து மணிக்குச் சற்று முன், மார்ட்டின் பிளேஸில் உள்ள லிண்ட் கஃபேயில் மான் ஹரோன் மோனிஸ் என்பவன் 18 பேரைப் பிடித்துக்கொண்டான். குழல் அறுத்த துப்பாக்கி. முதுகுப் பையில் வெடிகுண்டு இருக்கிறது என்றான். அது பொய் என்பது முடிந்தபிறகுதான் தெரிந்தது. போலீஸ் வகுத்த வழி, சுற்றி வளைத்துப் பேசுவது. தொடக்கத்தில் அது சரிதான். 2017 மே மாதம் அறிக்கை தந்த மரண விசாரணை அதிகாரி மைக்கேல் பார்ன்ஸும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் மோனிஸ் போலீஸோடு நேரடியாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பணயக்கைதிகளையே பேச வைத்தான். மணிக்கணக்கில் போனது, பேச்சு ஒரு அடிகூட நகரவில்லை. மாலையில் வெளியே வந்த ஐந்து பேரும் தாங்களாகத் தப்பித்தவர்கள். பேச்சு நகரவில்லை என்றால், அதே வழியில் தொடர்வதா என்று ஒவ்வொரு சில மணிக்கும் கமாண்டர் தன்னையே கேட்க வேண்டும். அந்தக் கேள்வி போதுமான அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை.

இங்கே ஒரு சிறு விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன். இரவானதும் மார்ட்டின் பிளேஸில் இருந்த கிறிஸ்துமஸ் விளக்குகளை அணைக்கும்படி மோனிஸ் பணயக்கைதிகள் மூலம் கேட்டான். வெளியே நடப்பதை அந்த வெளிச்சத்தில் அவனால் பார்க்க முடியவில்லை என்று பதறினான். விளக்கை அணைப்பது போலீஸுக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. பதிலுக்கு ஒருவரையோ இருவரையோ கேட்டிருக்கலாம். விளக்கு அணைத்தால் நம் ஆட்களுக்குச் சிரமம் என்றால், மறுத்துக் காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் கோரிக்கை வந்தது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது, அது யார் பொறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. நள்ளிரவு கடந்து, உள்ளே இருந்த ஒரு பெண் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். போலீஸ் போனையே எடுக்கவில்லை என்றால், துப்பாக்கி முனையில் அந்த போனைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு எப்படி இருக்கும்? மோனிஸின் பார்வையில் அதன் பொருள் என்ன? பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். ஒரு கமாண்டர் "போனில் எப்போதும் ஒருவர், குழு மாறும்போதும் ஒருவர்" என்று சொல்லி அதைச் சரிபார்த்திருந்தால் போதும்.

அடுத்தது படைத் திட்டம். எந்த முற்றுகையிலும் இரண்டு வகைத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். ஒன்று அவசரத் திட்டம்: உள்ளே கொலை தொடங்கிவிட்டால், கையில் இருப்பதை வைத்துக்கொண்டு உடனே புகுவது. இன்னொன்று, நேரத்தையும் வழியையும் போலீஸே தேர்ந்தெடுத்து, அவன் எதிர்பார்க்காத கணத்தில் புகுவது. இரண்டாவதில் பணயக்கைதிகள் பிழைக்கும் வாய்ப்பு பொதுவாக அதிகம், ஏனென்றால் தொடங்கும் நேரத்தை நாம் வைத்துக்கொள்கிறோம். லிண்ட் கஃபேயில் இரண்டாவது திட்டம் பயன்படுத்தப்படவில்லை. அவசரத் திட்டத்துக்கு வைத்திருந்த நிபந்தனை, பணயக்கைதி ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ மட்டும் புகுவது என்பது. இந்த நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் சாகும்வரை போலீஸ் காத்திருக்கும் என்று எழுதிவைத்தது போல ஆகிவிடுகிறது.

அதிகாலை 2.03க்கு ஆறு பணயக்கைதிகள் கதவைத் திறந்து ஓடினார்கள். மோனிஸ் அவர்களை நோக்கிச் சுட்டான். யாருக்கும் படவில்லை, அதனால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்து நிமிடம் போனது. 2.13க்கு, கஃபே மேலாளர் டோரி ஜான்சனை அவன் சுட்டுக் கொன்றான். அப்போதுதான் போலீஸ் உள்ளே புகுந்தது. அந்தத் தாக்குதலில், கேட்ரினா டாசன் என்ற வழக்கறிஞர் போலீஸ் தோட்டாவின் சிதறல் பட்டு இறந்தார். மோனிஸும் கொல்லப்பட்டான். முதல் சூடு கேட்ட உடனேயே புகுந்திருக்க வேண்டும், அந்தப் பத்து நிமிடம் மிக அதிகம் என்பதே விசாரணையின் முடிவு. மோனிஸ் உண்மையில் கொல்ல மாட்டான் என்று எண்ண வைத்ததில், போலீஸுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவரின் கணிப்புக்கும் பங்கு இருந்ததாக அறிக்கை குறை கண்டது. நிபுணரின் ஆலோசனை கமாண்டருக்கு வேண்டும்தான். ஆனால் அவன் மனநிலை பற்றிச் சொல்ல வந்தவர் பேச்சு உத்தியிலும் படை உத்தியிலும் கருத்துச் சொல்லத் தொடங்கினால், "இது உங்கள் துறை இல்லை" என்று நிறுத்த வேண்டியவரும் கமாண்டரே.

சுடும் உரிமை பற்றிய குழப்பமும் அங்கே இருந்தது. எதிர்க் கட்டடங்களில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்களுக்கு, உடனடியாகக் கொல்லப் போகிறான் என்று தெரிந்தால்தான் சட்டப்படி சுடலாம் என்ற எண்ணம் இருந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தோட்டா சரியாகத் துளைக்குமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 2017இல் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சட்டம் திருத்தப்பட்டு, பயங்கரவாதச் சம்பவம் என்று காவல் ஆணையர் அறிவித்தால் போலீஸ் உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தச் சட்டப் பாதுகாப்பு தரப்பட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், எந்த நிலையில் சுடலாம், யார் வாயால் உத்தரவு வரும், உத்தரவு இல்லாமல் எப்போது சுடலாம் என்பதை ஒவ்வொரு ஸ்னைப்பரிடமும் கமாண்டர் தொடக்கத்திலேயே நேராகப் பேசித் தெளிவுபடுத்த வேண்டும். நள்ளிரவில் வயர்லெஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

பொறுப்பு மாறுவதையும் தனியாகச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் முடிவெடுக்க முடியாது. களைத்த மூளை, இருக்கிற நிலையையே தொடரப் பார்க்கும். அதனால் கமாண்டரும் பேச்சுவார்த்தைக் குழுவும் மாறியே ஆக வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது. புதிதாக வருபவர், பழையவரோடு சேர்ந்து உட்கார்ந்து, நிறைவேறாத கோரிக்கைகள் எவை, சொன்ன வாக்குகள் எவை, தயாராக உள்ள திட்டங்கள் எவை என்று பதிவைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிட்னியில் பதிவுக் கணினி முறை இருந்தது. எல்லாத் தகவலும் அதில் ஏறவில்லை, ஏறியதையும் எல்லோரும் பார்க்கவில்லை. விளக்கு விவகாரம் மணிக்கணக்கில் தொங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நல்லபடியாக முடிவதற்கும் திட்டம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரணடைகிறேன் என்று அவன் சொல்லிவிட்டான், பிறகு? எந்தக் கதவு, முதலில் யார் வருவது, துப்பாக்கியை எங்கே வைப்பது, கை எப்படி இருக்க வேண்டும், வெளியே அவனைப் பிடிக்கப் போகிறவர் யார் என்பதெல்லாம் பேசுபவர் அவனிடம் நிதானமாக விளக்கியிருக்க வேண்டும். உள்வளையத்தில் நிற்கும் கடைசிக் காவலர்வரை அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒருவர், கதவு திறந்து ஆள் வெளியே வருவதைப் பார்த்துச் சுட்டுவிட்டால், நாள் முழுக்க நடந்த பேச்சு வீண். வெளியே வரும் பணயக்கைதிகளையும் முதலில் சோதித்தே அனுப்புவார்கள். கூட்டத்தோடு அவனே கலந்து வந்துவிடலாம். அது அவர்களுக்குக் கொடுமையாக இருக்கும். ஏன் அப்படி என்று ஒரு வரி சொல்ல ஒருவரை நிறுத்தினால் பாதி வலி குறையும்.

உள்ளே புகுந்து மீட்பதாக முடிவெடுத்தால், மீட்டபிறகு என்ன என்பதும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். 2002 அக்டோபரில் மாஸ்கோவின் டுப்ரோவ்கா அரங்கில் செச்சென் தீவிரவாதிகள் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து வைத்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலை மயக்க வாயுவைச் செலுத்திப் படைகள் புகுந்தன. பிடித்து வைத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குண்டுகள் வெடிக்கவில்லை. படைப் பணி என்ற அளவில் அது நடந்துவிட்டது. ஆனால் சுமார் 130 பணயக்கைதிகள் இறந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் அந்த வாயுவால். என்ன வாயு என்று மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. மயங்கியவர்களை வெளியே குளிரில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்; நாக்கு மடங்கி மூச்சடைத்தது. ஆம்புலன்ஸ்கள் போதவில்லை, பேருந்துகளில் மருத்துவ உதவியாளர் இல்லாமலேயே ஏற்றிப் போனார்கள். 2011 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பலத்தையும் வாயுவையும் பயன்படுத்தத் தீர்மானித்ததைத் தவறு என்று சொல்லவில்லை. மீட்பையும் சிகிச்சையையும் சரியாகத் திட்டமிடாததால் ரஷ்யா உயிர் வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதனால் புகும் உத்தரவுக்கு முன் கமாண்டர் கேட்கும் கடைசிக் கேள்விகள் இப்படி இருக்க வேண்டும்: எத்தனை ஆம்புலன்ஸ், அவை எந்தத் தெருவில் நிற்கின்றன, எந்த மருத்துவமனைக்கு எத்தனை பேர், நாம் பயன்படுத்தப்போவது என்ன என்று அந்த மருத்துவர்களுக்குச் சொல்லியாகிவிட்டதா?